புள்ளிகள் நிற்கின்றன, பேரிங் தேய்கிறது

“டைரக்ட் டிரைவ் பேரிங் தேயவே தேயாது. அதைத் திறக்காதே.” பழைய டர்ன்டேபிள் விற்பவர், வாங்குபவர், பழுது பார்ப்பவர் என்று யாரைக் கேட்டாலும் இந்த இரண்டு வாக்கியங்கள்தான் பதிலாக வருகின்றன. நாற்பது, நாற்பத்தைந்து வயதான ஒரு இயந்திரத்தைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேசுகிறவர்களில் பலர் அதன் பிளாட்டரை, அதாவது ரெக்கார்டு உட்காரும் தட்டைத் தூக்கி, தண்டை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தது கூடக் கிடையாது. இருபது ஆண்டுகளாக இந்த டர்ன்டேபிள் டெக்குகளைக் கழற்றி மாட்டி வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் கருத்து தவறு. அதனால் நல்ல இயந்திரங்கள் வீணாகிக்கொண்டிருக்கின்றன.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் வைத்துவிடுகிறேன். ஜப்பானின் மாட்சுஷிட்டா நிறுவனத்தில் ஷூயிச்சி ஒபாட்டா உருவாக்கிய டெக்னிக்ஸ் எஸ்.பி.-10 1970-இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பு டர்ன்டேபிள் மோட்டார் பிளாட்டரைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும். அந்த வேகத்தை ரப்பர் சக்கரமோ பெல்ட்டோ குறைத்து பிளாட்டருக்குக் கொடுக்கும். எஸ்.பி.-10-இல் மோட்டாரின் தண்டும் பிளாட்டரின் தண்டும் ஒன்றே; டைரக்ட் டிரைவ் என்பது இதுதான். அந்தத் தண்டு நிமிடத்துக்கு 33⅓ முறைதான் சுற்றுகிறது. பக்கவாட்டில் இழுக்கப் பெல்ட் இல்லை. சுமை நேராகக் கீழே இறங்குகிறது. 1979-இல் வந்த எஸ்.எல்.-1200 எம்.கே.2-வின் பிளாட்டர் எடை 1.7 கிலோதான். மெதுவான ஓட்டம், குறைந்த சுமை, நடுவில் எண்ணெய் என்றிருக்கும்போது தேய்மானம் எங்கிருந்து வரும் என்று கேட்கிறார்கள். நடன விடுதிகளில் இரவிரவாக ஓடியும் சாகாத டெக்குகளைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அனுபவமில்லாதவர் திறந்து கெடுத்த டெக்குகளும் உண்டு என்கிறார்கள்.

இவற்றில் ஒவ்வொரு தகவலும் உண்மைதான். அவற்றிலிருந்து எடுக்கும் முடிவைத்தான் மறுக்கிறேன்.

1. மெதுவாகச் சுற்றினால் தேயாது என்று யார் சொன்னது? இவற்றில் இருக்கும் புஷ் வகை பேரிங்கில், அதாவது தண்டு ஓர் உலோகக் குழலுக்குள் (புஷ்) சுற்றும் அமைப்பில், தண்டும் புஷ்ஷும் ஒன்றையொன்று தொடாமல் காப்பது எண்ணெய்ப் படலம். அந்தப் படலம் தானாக நிற்பதில்லை. தண்டு சுற்றும் வேகம்தான் எண்ணெயை இடுக்குக்குள் இழுத்துப் படலமாக்கித் தாங்க வைக்கிறது. மழைத் தண்ணீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போகும் வண்டியின் டயர் தண்ணீர் மேல் ஏறி மிதக்கும். மெதுவாகப் போனால் டயர் தரையைத் தொடும். பேரிங்குக்குள் நடப்பதும் இதே கணக்குதான், மிதப்பதுதான் இங்கே நமக்கு வேண்டும். தண்டின் விட்டம் 7 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 33⅓ சுற்றில் அதன் மேற்பரப்பு நொடிக்கு 12 மி.மீ.தான் நகர்கிறது. அது ஓர் எறும்பு ஊரும் வேகம். அந்த வேகத்தில் முழுப் படலம் உருவாவதற்கு வாய்ப்புக் குறைவு. உலோகத்தின் நுண்ணிய மேடுகள் அவ்வப்போது உரசிக்கொண்டேதான் இருக்கும். நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றும் மோட்டாரின் புஷ் இந்த ஒரு விஷயத்தில் டைரக்ட் டிரைவ் பேரிங்கைவிடக் கொடுத்து வைத்தது.

இதைவிட முக்கியமான இடம் தண்டின் அடிமுனை. பிளாட்டரின் முழு எடையும் அங்கே ஒரு புள்ளியில் இறங்குகிறது. சில மாடல்களில் உருண்டையான தண்டு முனை த்ரஸ்ட் பேட் என்ற தாங்குதட்டின் மேல் நேராக நிற்கும். சிலவற்றில் நடுவே ஓர் இரும்புக் குண்டு இருக்கும். சுழற்சியின் மையத்தில் மேற்பரப்பு வேகம் சுழியம். அங்கே எண்ணெயை இழுத்துவர எந்த வேகமும் கிடையாது. பக்கவாட்டுச் சுமை இல்லை என்ற வாதம் சுற்றியிருக்கும் புஷ்ஷுக்குப் பொருந்தும். அடியில் இருக்கும் பேடுக்குத் துளியும் பொருந்தாது. நான் திறந்த டெக்குகளில் முதலில் தேய்ந்திருப்பது பெரும்பாலும் இந்த பேடுதான்.

2. “அது எவ்வளவு ஓடியிருக்கும்?” என்று கேட்கிறவர்கள் ஒருமுறை பெருக்கிப் பார்க்கட்டும். நிமிடத்துக்கு 33⅓ என்றால் மணிக்கு 2,000 சுற்று. தினமும் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்கும் வீட்டில் 45 ஆண்டில் 16,000 மணி நேரம் தாண்டிவிடும். அதாவது மூன்று கோடிச் சுற்றுக்கு மேல். எஸ்.எல்.-1200 எம்.கே.2-வின் கையேட்டில் 2,000 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விடச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வீட்டு டெக்குக்கு இதற்குள் எட்டு முறை எண்ணெய் விட்டிருக்க வேண்டும். ஓர் இரவுக்கு எட்டு மணி நேரம் ஓடிய நடன விடுதி டெக்குக்கு 250 இரவுக்கு ஒருமுறை. பழைய டெக் வாங்கும் எத்தனை பேரிடம் அந்தக் கணக்கு இருக்கிறது? தேயவே தேயாத பொருளுக்கு, செய்தவர்களே எண்ணெய்க்குக் கெடு வைத்தது ஏன்? 2016-இல் எஸ்.எல்.-1200 புது வடிவில் திரும்பி வந்தபோது, அதன் இரட்டை ரோட்டர் மோட்டார் பேரிங்கின் மேல் விழும் சுமையைக் குறைக்கிறது என்பதையும் டெக்னிக்ஸ் ஒரு சிறப்பாகச் சொன்னது. செய்கிறவர்கள் பேரிங்கைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். வாங்குகிறவர்கள்தான் படுவதில்லை.

3. “ஸ்ட்ரோப் புள்ளி அசையாமல் நிற்கிறதே!” இந்தக் கட்டுரையை எழுத வைத்தது இந்த ஒரு வாக்கியம்தான். பிளாட்டர் விளிம்பின் புள்ளிகள் விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் வெளிச்சத்தில் அசையாமல் நின்றால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று கிட்டத்தட்ட எல்லோரும் நம்புகிறார்கள். விற்பவர் அதைத்தான் வீடியோ எடுத்து அனுப்புகிறார். வாங்குபவர் அதைப் பார்த்துத்தான் பணம் கட்டுகிறார்.

அந்தப் புள்ளிகளை நிறுத்தி வைக்கும் குவார்ட்ஸ் லாக் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். பிளாட்டரின் வேகத்தை ஒரு சென்சார் ஓயாமல் படித்துக்கொண்டே இருக்கிறது. டெனான் தன் மாடல்களில் பிளாட்டரின் விளிம்பில் காந்தப் பூச்சு பூசி, டேப் ரெக்கார்டர் ஹெட் போன்ற ஒன்றால் அதைப் படித்தது. டெக்னிக்ஸ் மோட்டாருக்குள்ளேயே படித்தது. படித்த வேகம் குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்போடு ஒப்பிடப்படும். சற்றுக் குறைந்தால் மோட்டாருக்கு உடனே கூடுதல் மின்சாரம் போகும். எது இழுத்தாலும் வேகம் மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த மின்னணுச் சுற்றின் ஒரே வேலை. எம்.கே.2-வின் விவரப் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது: 1.5 கிலோ-செ.மீ. வரை சுமை ஏறினாலும் வேக மாற்றம் சுழியம். ஊசி ரெக்கார்டில் உரசுவது ஒரு சுமை, டி.ஜே. கையை வைப்பது ஒரு சுமை. உலர்ந்த பேரிங் பிடித்து இழுப்பதும் அதே கணக்கில் வரும் ஒரு சுமைதான். கையாலே அழுத்தினாலும் வேகம் விடாத மோட்டார், தேய்ந்த பேரிங்கின் இழுப்புக்கா விட்டுக்கொடுக்கும்?

ஆகவே புள்ளிகள் நிற்பதற்குப் பொருள், மின்னணுச் சுற்று தன் வேலையைச் செய்கிறது என்பது மட்டுமே. பேரிங் எந்த நிலையில் இருக்கிறது என்று அது சொல்லாது. சொல்லவும் முடியாது, ஏனென்றால் பேரிங்கின் கோளாறு வேகத்தில் தெரியாமல் மறைப்பதற்கென்றே அது செய்யப்பட்டிருக்கிறது. பெல்ட் டிரைவ் டெக்கில் பேரிங் பிடித்தால் பெல்ட் வழுக்கும், பாட்டு இழுபடும், காதில் விழும். டைரக்ட் டிரைவில் அந்த எச்சரிக்கை வராது. தேய்மானத்தைக் கண்ணால் பார்க்க வேண்டிய தேவை மற்ற டெக்குகளைவிட இதற்குத்தான் அதிகம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் ஒரு எம்.கே.2-வைக் கொண்டுவந்தார். வேகம் அச்சுப் பிசகவில்லை, புள்ளிகள் சிலைபோல் நின்றன. அவர் குறை வேறு: பாட்டே இல்லாத இடத்தில் ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் அலைகிறது. ஆம்ப்ளிபையரை மாற்றிப் பார்த்திருந்தார், கார்ட்ரிட்ஜையும் மாற்றியிருந்தார். பிளாட்டரைத் தூக்கினேன். தண்டைச் சுற்றிக் காபி டிக்காஷன் நிறத்தில் ஒரு வளையம் காய்ந்து ஒட்டியிருந்தது. வெள்ளைத் துணியில் ஒற்றினால் கறுப்பாக வந்தது. அந்தக் கறுப்பைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தபோது மிக மெல்லிய நெறுநெறுப்பு. அது எண்ணெயின் அழுக்கு மட்டுமில்லை. புஷ்ஷிலிருந்து வந்த உலோகத் தூள். கழற்றிச் சுத்தம் செய்து பார்த்தால், பேடின் நடுவில் ஒரு பள்ளம். நகத்தை வைத்து இழுத்தால் நகம் அதில் விழுந்து ஏறியது. தண்டின் முனையிலும் அதே அளவில் பளபளவென்று ஒரு வட்டத் தழும்பு. இவ்வளவும் நடந்து முடிகிற வரை அந்தப் புள்ளிகள் ஒருநாளும் அசையவில்லை.

4. “பிளாட்டரை ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை.” கையால் ஆட்டிப் பார்ப்பது ஒரு சோதனைதான், ஆனால் அது இரண்டு பக்கமும் பொய் சொல்லும். காய்ந்து பிசினாகிப் போன பழைய எண்ணெய், தேய்ந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டு ஆட்டமே இல்லாதது போலக் காட்டும். சுத்தம் செய்த மறுநிமிடம் ஆட்டம் வெளியே வரும். பிறகு சுத்தம் செய்தவரைத்தான் திட்டுவார்கள்.

மறுபக்கம், எண்ணெய்க்கு இடம் வேண்டுமென்பதால் நல்ல பேரிங்கிலும் சிறிது ஆட்டம் இருந்தே தீரும். புஷ்ஷின் நீளம் 40 மி.மீ., உள் இடைவெளி 0.02 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளுங்கள். 332 மி.மீ. விட்டமுள்ள பிளாட்டரின் விளிம்பு அதனால் சுமார் 0.08 மி.மீ. ஏறவோ இறங்கவோ முடியும். இது நோயில்லை. இடைவெளி 0.1 மி.மீ. ஆகிவிட்டால் விளிம்பு 0.4 மி.மீ. நகரும், அப்போதுதான் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். அதாவது இடைவெளி ஐந்து மடங்கு பெருகிய பிறகுதான் ஆட்டம் கண்ணில் படுகிறது. ரெக்கார்டின் பள்ளமே ஏறத்தாழ 0.05 மி.மீ. அகலம்தான். கண் பிடிக்கிற வரை காத்திருந்தால் பள்ளத்துக்குள் ஓடும் ஊசி அதற்கு வெகு முன்பே பிடித்திருக்கும்.

பிளாட்டர் தண்டில் சரியாக உட்காராமல் ஆடுவதைப் பேரிங் ஆட்டம் என்று நினைத்து நல்ல பேரிங்கைக் குறை சொல்பவர்களும் உண்டு. பிளாட்டரை எடுத்துவிட்டு, டயல் கேஜின் முனையைத் தண்டின் மேல் வைத்து, இரண்டு திசையிலும் மெல்லத் தள்ளி அளந்தால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. லேத் பட்டறை எதிலும் டயல் கேஜ் இருக்கும்; கேட்டால் கொடுப்பார்கள்.

5. “இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.” எந்த எண்ணெய்? எதன் மேல்? தையல் மிஷின் எண்ணெய் விடுகிறார்கள், கியர் எண்ணெய் விடுகிறார்கள், துரு எடுக்கும் ஸ்ப்ரேயை அடிக்கிறார்கள். பல டெக்குகளில் புஷ் வெண்கலத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்தது; அதன் நுண்துளைகளுக்குள் எண்ணெய் ஊறியிருக்கும். ஸ்ப்ரே அந்த எண்ணெயைக் கழுவி எடுத்துவிடும். முதல் வாரம் பிளாட்டர் சரளமாகச் சுற்றும், பிறகு உலர்ந்த உலோகத்தில் உலோகம் ஓடும். கிரீஸ் வைத்தால் துளைகள் அடைபடும். சுத்தமான, சேர்மானப் பொடி எதுவும் கலக்காத மெல்லிய எண்ணெயே போதும், ஆனால் பழைய எண்ணெயின் மேல் அதை ஊற்றுவது பழைய உலோகத் தூளை மறுபடி மிதக்கவிட்டு அரைக்கும் வேலை. எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் எண்ணெய். பார்க்காமல் விடும் சொட்டு, தேய்மானத்தை வேகப்படுத்தவும் கூடும்.

6. “திறந்தால் கெடும்.” தெரியாமல் திறந்தால் கெடும், உண்மை. அதனால்தான் திறக்கத் தேவையில்லாத சோதனைகளிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். ரெக்கார்டில் பாட்டுத் தொடங்குவதற்கு முந்தைய வெற்றுப் பள்ளத்தில் ஊசியை இறக்கி, ஹெட்போனில் கேளுங்கள். ஊசியைத் தூக்கியதும் நின்றுவிடும் அடிக்குரல் உறுமலைக் கவனியுங்கள். எம்.கே.2 புதிதாக வந்தபோது அதன் ரம்பிள், அதாவது இந்த உறுமலின் அளவு –78 டெசிபெல் என்று குறிக்கப்பட்டிருந்தது. ஆரோக்கியமான டெக்கில் நீங்கள் கேட்பது ரெக்கார்டின் இரைச்சலாகத்தான் இருக்க வேண்டும். வேறு இரண்டு மூன்று நல்ல ரெக்கார்டுகளிலும் அதே உறுமல் வந்தால் சந்தேகம் டெக்கின் மேல் விழுகிறது.

அடுத்து, பிளாட்டரை ஓடவிட்டு, ஸ்டாப் பொத்தானை அழுத்தாமல் பவரை மட்டும் அணையுங்கள். ஸ்டாப் அழுத்தினால் மின்னணு பிரேக் பிடிக்கும்; பவரை அணைத்தால் பிளாட்டர் தானாக ஓய்ந்து நிற்கும். நிற்க எத்தனை நொடி ஆகிறது என்று குறித்து வையுங்கள். பெல்ட் டெக்கோடு ஒப்பிட வேண்டாம், காந்தத்தின் இழுப்பும் இதில் சேர்ந்திருக்கிறது. உங்கள் டெக்கை உங்கள் டெக்கோடு ஒப்பிடுங்கள்: ஆறு மாதம் கழித்து நேரம் குறைந்திருந்தால் பேரிங் ஏதோ சொல்கிறது. பிறகு பிளாட்டரைத் தூக்கிவிட்டுத் தண்டை விரல் நுனியால் மிக மெதுவாகச் சுற்றுங்கள். காந்தம் தண்டோடு இருக்கும் மாடல்களில் அதனால் வரும் சீரான தடங்கலுக்கும், ஒரே இடத்தில் மட்டும் வரும் உறுத்தலுக்கும் வித்தியாசம் விரலுக்குத் தெரியும். தூக்கிய பிளாட்டரைக் கவிழ்த்து வைக்கும்போது மேசை சுத்தமாக இருக்கட்டும். பிளாட்டரின் அடியில் காந்தம் இருக்கும் மாடல்களில் அந்தக் காந்தம் இரும்புத் தூளை இழுத்து வைத்துக்கொண்டால் அது உள்ளே போய் உரசும்.

இவற்றில் குறைந்தது இரண்டு சோதனைகளில் குறை தெரிந்தால்தான் ஸ்க்ரூடிரைவர். மாடலுக்கு மாடல் அமைப்பு வேறு. சர்வீஸ் மேனுவல் கையில் இல்லாமல் ஒரு திருகையும் தொடாதீர்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். கழற்றுமுன் தண்டு எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பேட் தேய்ந்தால் பிளாட்டர் கீழே இறங்கும், ரோட்டருக்கும் காயிலுக்கும் உள்ள இடைவெளி மாறும், ஒருநாள் இரண்டும் உரசும். அந்த உயரக் கணக்கு அதை முன்கூட்டியே காட்டும். தண்டைத் திரும்ப இறக்கும்போது அதன் எடையிலேயே மெதுவாக இறங்க விடுங்கள், அழுத்தாதீர்கள்.

பாகம் கிடைக்காதே, பார்த்து என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். பேடைத் திருப்பிப் போட முடிகிற அமைப்பில் திருப்பிப் போட்டால் புது முகம் கிடைக்கும். பள்ளம் விழுந்த பேடுக்குப் பதில் அதே கனத்தில் ஒன்றைக் கடைசல்காரர் கடைந்து தருவார். குண்டு இருக்கிற மாடலில் அதே அளவுக் குண்டு பேரிங் கடையில் கிடைக்கும். புஷ்ஷே போய்விட்டால் வேலை பெரிது, செலவும் பெரிது. அந்த நிலைக்கு வருமுன் பிடிப்பதற்காகத்தான் இந்தச் சோதனை எல்லாம்.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய டெக்குகள் இன்று கடல் தாண்டிப் பார்சலில் வருகின்றன. பிளாட்டரைக் கழற்றித் தனியாகக் கட்டாமல் அப்படியே பெட்டியில் வைத்து அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெட்டி ஒருமுறை தொப்பென்று விழுந்தால் 1.7 கிலோவும் தண்டின் முனை வழியாகப் பேடில் இடிக்கும். நாற்பது ஆண்டு ஓட்டம் செய்யாததை அந்த ஒரு இடி செய்துவிடும். எனக்கே அப்படி ஒரு டெக் வந்தது. அனுப்பியவர் முதலில் சொன்ன பதில், “பேரிங் தேயாது சார், டைரக்ட் டிரைவ்” என்பதுதான்.

ஆகவே பழைய டைரக்ட் டிரைவ் டெக் வாங்குகிறவர்கள் விற்பவரிடம் ஸ்ட்ரோப் வீடியோ கேட்க வேண்டாம். பிளாட்டரைத் தூக்கி, தண்டின் அடியை வெள்ளைத் துணியால் ஒற்றிய படம் ஒன்று கேளுங்கள். பிளாட்டரைத் தனியாகக் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். ஏற்கெனவே வீட்டில் டெக் வைத்திருப்பவர்கள், கடைசியாக எப்போது எண்ணெய் விட்டோம் என்று நினைவில்லையென்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை அடுத்த ரெக்கார்டைப் போடும் முன் பிளாட்டரைத் தூக்கிப் பாருங்கள்.